ஃபோர் வீல் மேல ஏத்திவிடும், நிறுத்தித் தராது

டிசம்பர் ஸ்கூல் லீவு நெருங்குனாலே கோலாலம்பூர்ல நம்ம குடும்பங்களோட வாட்ஸ்அப் குரூப்புல ஒரே பேச்சுதான், ஜப்பானோட வடக்குத் தீவு ஹொக்கைடோவுக்குப் போறோம், பிள்ளைங்களுக்குப் பனி காட்டணும், காடி வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிக்கிட்டுப் போயிடலாம். அங்க இருக்கிற சப்போரோவுக்கு நேரா ஃபிளைட் இருக்கு, ஜப்பான்லயும் நம்மள மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுறாங்க, ஸ்டேரிங்கும் வலது பக்கம்தான், ஜேபிஜேல, அதான் நம்ம சாலைப் போக்குவரத்து இலாகாவுல, இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டா வேலை முடிஞ்சது. இதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு கடைசியில எல்லாரும் ஒரு வரி சேர்ப்பாங்க. "ஃபோர் வீல் எடுத்துட்டா பயமில்ல."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வயித்தைக் கலக்குது. ஃபோர் வீலோட அருமை தெரியாம நான் பேசல. தொழிலுக்கே ஃபோர் வீல் ஓட்டுறவன், பகாங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு பம்ப் ரிப்பேருக்குப் போறப்ப ஹைலக்ஸ் பிக்கப் இல்லாம ஒரு வேலையும் ஆகாது, மழை பேஞ்ச செம்மண் ரோட்டுல சாதாரணக் காடி நுழையவே முடியாது. ஹொக்கைடோவுலயும் நியூசிலாந்து தென் தீவுலயும் குளிர்காலத்துல ஓட்டியிருக்கேன். இந்த வருஷக் கடைசியில என் மச்சான் பொண்டாட்டி பிள்ளைங்களோட போறான், "மாமா, பெரிய எஸ்யூவி, ஃபோர் வீல், புக் பண்ணியாச்சு, நீங்க கவலைப்படாதீங்க"ன்னு போன்ல சொன்னான், அதைக் கேட்டப்புறம்தான் எனக்குக் கவலையே ஆரம்பிச்சது. அவன்கிட்ட உக்காந்து பேசுனதைத்தான் இங்க எழுதுறேன், போகப் போற மத்தவங்களுக்கும் ஆகும்.

முதல்ல இந்த ஃபோர் வீல் என்ன செய்யுதுன்னு பாத்துடுவோம். எஞ்சினோட சக்தியை ரெண்டு வீலுக்குப் பதிலா நாலு வீலுக்கும் பிரிச்சுக் குடுக்குது. அவ்வளவுதான். காடி கிளம்பும்போதும், ஏத்தத்துல ஏறும்போதும், சேத்துலயோ பனியிலயோ மாட்டிக்கிட்டு வெளிய வரும்போதும் அது பெரிய உதவி, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா பிரேக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, ஏன்னா நாலு வீல்லயும் பிரேக் எல்லாக் காடிக்கும் இருக்கு, நம்ம தாமான்ல நிக்கிற சின்ன மைவி காடிக்கும் நாலு வீல்லயும் பிரேக்தான். வளைவுல திரும்புறதும் அப்படித்தான். நிறுத்துறதுக்கும் திருப்புறதுக்கும் இருக்கிற ஒரே சொத்து, டயர் ரப்பர் ரோட்டைத் தொடுற அந்த நாலு இடம், ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம் இருந்தா அதிகம். அந்த நாலு இடத்துல பிடிப்பு இல்லன்னா காடி ரெண்டு லட்சம் வெள்ளியா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

கணக்கு போட்டுப் பாத்தா இன்னும் நல்லாப் புரியும். காஞ்ச தார் ரோட்டுல 50 கிமீ வேகத்துல போறப்ப பிரேக்க நல்லா மிதிச்சா, மிதிச்ச இடத்துல இருந்து சுமார் 13 மீட்டர்ல காடி நின்னுடும். மழை ஈரத்துல 20 மீட்டர். பனி கொட்டி இறுகிக் கெடக்கிற ரோட்டுல சுமார் 40 மீட்டர். வழவழ ஐஸ்ல? 100 மீட்டர் கிட்ட. ஐஸ் மேல லேசா தண்ணி நின்னா அதுக்கும் மேல. இதுல நாம பாத்து, மண்டைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போற நேரத்தைச் சேக்கவே இல்ல, அதுக்கே இன்னொரு 14 மீட்டர் ஓடிடும். சரி, 30 கிமீல போனா பரவாயில்லையான்னு கேட்டா, அப்பவும் ஐஸ்ல 35 மீட்டர் வேணும். ஒரு ஸ்கூல் முன்னாடி நாம போற வேகம் அது. வளைவுக்கும் இதே கதைதான், நம்ம ஊருல காஞ்ச ரோட்டுல 60க்கு மேல சாதாரணமா திரும்புற ஒரு வளைவை ஐஸ்ல 25ஐத் தாண்டுனா பிடிக்க முடியாது, காடி நேரா போயிடும், ஸ்டேரிங்க எவ்வளவு ஒடிச்சாலும்.

நிறைய பேரு பெரிய காடின்னா வெயிட்டா இருக்கும், ரோட்டை நல்லா அமுக்கிப் பிடிக்கும்னு நம்புறாங்க. வெயிட் கூடுனா பிடிப்பு கூடுறது உண்மைதான், ஆனா நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவு கூடுதே, அதனால ஐஸ்ல நிக்கிற தூரம் குறையாது. அதுக்கு மேல, உசரமான காடி பக்கவாட்டுல சறுக்கிப் போயி ரோட்டோரப் பனி மேட்டுலயோ கல்லுலயோ வீல் இடிச்சா கவுந்துடுற வாய்ப்பு ஜாஸ்தி, தாழ்வான காடி அந்த இடத்துல சுத்திக்கிட்டு நின்னுடும். இடிச்சா எதிராளிக்கும் அடி பலமா விழும்.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற விஷயத்துக்கு வரேன். மலை ஏத்தம். சப்போரோவுல இருந்து நிசெகோ பக்கம் போறவங்க 230ஆம் நம்பர் ரோட்டுல நகயாமா பாஸ்னு 800 மீட்டருக்கு மேல ஒரு மலையைத் தாண்டுவாங்க. அங்க ஏதோ ஒரு இடத்துல நல்ல ஐஸ் பிடிச்ச ஒரு ஏத்தம் வருதுன்னு வெச்சுக்குங்க, 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுற ஏத்தம். முன் வீல் டிரைவ் காடியா இருந்தா பாதியில வீல் சும்மா சுத்தும், ஏறாது. ஓட்டுறவரு எரிச்சலோட மெதுவா பின்னால வந்து, ஓரம் கட்டி, லாரி வந்து மணல் போடட்டும்னு நிப்பாரு. ஃபோர் வீல் காடி அதே ஏத்தத்துல மெல்ல ஏறிடும். உள்ள இருக்கிறவங்களுக்கு சந்தோஷம், பாத்தியா நம்ம காடி! ஆனா ஏறுனா அந்தப் பக்கம் இறங்கணும். அதே 8 மீட்டர் சரிவுல இறங்கும்போது 30 கிமீ வேகத்துல பிரேக் மிதிச்சா நிக்கிறதுக்கு 170 மீட்டருக்கு மேல ஆகும், சரிவு இன்னும் கொஞ்சம் கூடுச்சுன்னா எவ்வளவு மிதிச்சாலும் நிக்கவே நிக்காது, காடியோட பாரமே அதைக் கீழ இழுத்துக்கிட்டுப் போயிடும். ரெண்டு வீல் டிரைவ் காடிய அந்த ஏத்தமே அடியில நிறுத்தி வெச்சிடுச்சு, ஃபோர் வீல் மட்டும் பிரேக்கால ஒண்ணும் ஆகாத இடத்துக்கு நம்மளக் கூட்டிட்டுப் போயி விட்டுடுது. இதைத்தான் மச்சான்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒட்டாரு ஊருல இதை நான் கண்ணால பாத்தேன். மலையில இருந்து துறைமுகத்தைப் பாத்து செங்குத்தா இறங்குற தெருக்கள் அங்க நிறைய. காலையில ஒரு தெருவோட அடியில நடந்து போறேன், மேல இருந்து ஒரு வெள்ளை எஸ்யூவி வருது, உள்ளூர் நம்பர் பிளேட்டுதான். ரொம்ப மெதுவாத்தான் வருது, நடக்கிற வேகம் இருக்கும். ஏதோ சரியில்லையேன்னு உத்துப் பாத்தா நாலு வீலும் சுத்தல. முன் வீல் இடது பக்கம் நல்லா திரும்பியிருக்கு, காடி மட்டும் நேரா வந்துகிட்டே இருக்கு, சத்தமே இல்ல. ஓட்டுன அம்மா ரெண்டு கையையும் ஸ்டேரிங்க்ல வெச்சிக்கிட்டு எங்களைப் பாத்து ஹாரன் அடிச்சாங்க, நாங்க ஒதுங்கினோம், காடி தெரு முனையில குவிச்சு வெச்சிருந்த பனி மேட்டுல மூக்கை முட்டி நின்னுச்சு. பக்கத்து வீட்டுத் தாத்தா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒரு பையோட வந்து ஒண்ணும் பேசாம வீல் பின்னாடி மணலைத் தூவ ஆரம்பிச்சாரு. அந்த ஊரு ஆளு, அந்த ஊரு டயரு, வருஷம் முழுக்க ஓட்டுற தெரு. அவங்களுக்கே அந்தக் கதி.

அடுத்தது எச்சரிக்கை. ரோடு வழுக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? காரக் ஹைவேயில மழையில ஓட்டுனா தண்ணி கண்ணுக்குத் தெரியும், முன்னால போற காடி தெளிக்கிறது தெரியும், ஸ்டேரிங் லேசாகுறது கைக்குத் தெரியும். அதெல்லாம் சின்ன வயசுல இருந்து பாத்துப் பாத்து உடம்புல ஊறுனது. ஐஸ் விஷயத்துல நமக்கு அந்த ஊறல் கிடையாது. வெப்ப நாட்டு ஆளுக்கு ஐஸ் ரோடு தானா சொல்ற முதல் சேதி என்னன்னா, சிக்னல்ல கிளம்பும்போது வீல் சர்ருன்னு சுத்துறதுதான். ரெண்டு வீல் காடியில அது நடந்தவுடனே "ஐயோ, ரோடு மோசமா இருக்கே"ன்னு கால் தானா அடங்கிடும். ஃபோர் வீல் காடி அந்தச் சேதிய மறைச்சிடுது. நாலு வீலும் பகிர்ந்துக்கிறதால கொஞ்சம்கூட சுத்தாம அழகா கிளம்பிடும், ரோடு நல்லாத்தான் இருக்குன்னு மனசு நம்பிடும், அப்படியே 60, 70னு ஏத்திடுவோம், முதல் தடவையா ரோட்டோட உண்மை தெரியறது பிரேக் மிதிக்கும்போதுதான்.

அதனாலதான் காடி எடுத்தவுடனே ஆள் இல்லாத, அகலமான, தட்டையான இடத்துல, பின்னால யாரும் வரலன்னு நல்லாப் பாத்துட்டு 20 கிமீல போயி பிரேக்க ஒரு தடவை முழுசா மிதிச்சுப் பாக்கச் சொல்றேன். கால் கீழ பெடல் டகடகன்னு திருப்பி அடிக்கும், அடியில கரகரன்னு ஒரு சத்தம் வரும், அது ஏபிஎஸ் வேலை செய்யுறது. காடி உடைஞ்சிருச்சோன்னு பயந்து காலை எடுத்துடக் கூடாது, மிதிச்ச மிதியிலயே இருக்கணும். ஏபிஎஸ் ஐஸ்ல சீக்கிரம் நிறுத்தித் தரும்னும் நினைக்காதீங்க, வீல் பூட்டிக்காம வெச்சு ஸ்டேரிங் கொஞ்சமாவது கேக்க வைக்கும், அதான் அதோட வேலை, பொலபொலன்னு இருக்கிற பனியில நிக்கிற தூரம் இன்னும் நீளும். மச்சானோட பொண்டாட்டியும் ஓட்டுவா, அவளும் அதைக் கால்ல உணர்ந்து பாக்கணும்.

தோட்டத்துல, காட்டுல ஃபோர் வீல் ஓட்டிப் பழகுனவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா நம்ம கூட்டத்துல அவங்கதான் ஜாஸ்தி தைரியமா போறாங்க. சேறு வேற, ஐஸ் வேற. சேத்துல வேகத்தை விடாம மிதிச்சுக்கிட்டே போகணும், ஸ்டேரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி டயரோட விளிம்பால பிடிப்பு தேடணும், வீல் சுத்துனாலும் சேத்தைத் தோண்டிக்கிட்டுப் போயி கீழ கெட்டித் தரையைப் பிடிச்சிடும். ஐஸ்ல தோண்டிப் பிடிக்கிறதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. வீல் சுத்துனா அந்தச் சூட்டுல மேல் ஐஸ் உருகி இன்னும் வழுக்கும். ஸ்டேரிங்க ஆட்டுனா காடி சுழண்டுடும். சேத்துல நம்மளக் காப்பாத்துன கை கால் பழக்கம் அத்தனையும் ஐஸ்ல எதிராளியா மாறிடுது. எல்லாத்தையும் மெதுவா செய்யணும், ஆக்சிலேட்டரு, பிரேக்கு, ஸ்டேரிங்கு மூணையும், அதுலயும் ஒரு நேரத்துல ஒண்ணுதான், பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு முடிச்சிட்டு அப்புறம் திருப்பணும்.

கெந்திங் மலையில இருந்து இறங்கும்போது சின்ன கியர் போட்டு இறங்குறோம்ல, அந்த அறிவு இங்க ஒதவும், ஆனா சரிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும். பாதிச் சரிவுல படக்குன்னு கியரைக் குறைச்சா எஞ்சின் வீலை இழுத்துப் பிடிக்கும், அதுவே பிரேக்க முரட்டுத்தனமா மிதிச்சதுக்குச் சமம், காடி நழுவிடும்.

ஃபோர் வீல்லயே ஜாதி வேற வேற, அதையும் பாத்துக்கணும். நம்ம ஊரு ஹைலக்ஸ், டிமேக்ஸ் மாதிரி பிக்கப்ல டூ ஹெச் (ரெண்டு வீல்), ஃபோர் ஹெச் (நாலு வீல்), ஃபோர் எல் (நாலு வீல், சின்ன கியர்)னு நாமளே மாத்துற ரகம் இருக்கு. அதுல ஃபோர் ஹெச் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணா பூட்டிக்கும், திரும்பும்போது முன் வீலும் பின் வீலும் ஓடுற தூரம் வேற வேறயா இருக்கறதால ஏதாவது ஒரு பக்கம் வழுக்கித்தான் ஆகணும், ஐஸ்ல அது பெரும்பாலும் முன் பக்கம், ஸ்டேரிங் திருப்பியும் மூக்கு திரும்பாது. காஞ்ச தார்ல அதையே போட்டு ஓட்டுனா கியர் பாகங்கள் முறுக்கிக்கும், அதனால கொஞ்ச தூரம் ஐஸ், கொஞ்ச தூரம் காஞ்ச ரோடுன்னு மாறி மாறி வர்ற இடத்துல இந்த ரகம் பெரிய தலைவலி. ஜப்பான்ல வாடகைக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் தானா பிரிச்சுக் குடுக்குற ரகம், முன் வீல் வழுக்குனப்புறம் பின் வீலுக்கு அனுப்பும். சில சின்ன ஹைபிரிட் காடியில பின் வீலுக்கு ஒரு சின்ன மோட்டார் இருக்கும், கிளம்புறப்பவும் மெதுவா போறப்பவும்தான் அதோட உதவி. எல்லாத்துக்கும் பின்னால ஃபோர் டபிள்யூடின்னு ஒரே எழுத்துதான் ஒட்டியிருக்கும். கவுன்டர்ல கேட்டுக்குங்க.

ஆனா அதை விட நூறு மடங்கு முக்கியம் டயரு. நம்ம ஊரு டயரோட ரப்பர் சூட்டுக்குன்னு செஞ்சது, 7 டிகிரிக்குக் கீழ போனா இறுக ஆரம்பிச்சிடும், ஐஸ் மேல பிளாஸ்டிக் வெச்ச கதைதான். ஸ்டட்லெஸ்னு சொல்ற குளிர்கால டயர்ல ரப்பர் குளிர்லயும் மெத்துன்னு இருக்கும், மேல மெல்லிசா ஆயிரக்கணக்குல கீறல் இருக்கும், ஐஸ் மேல இருக்கிற தண்ணிய அது ஓரளவு உறிஞ்சி ஒதுக்கும். ஸ்டட்லெஸ் போட்ட சாதா முன் வீல் காடியும், கோடைக்கால டயர் போட்ட ஃபோர் வீல் காடியும் ஒரே இடத்துல பிரேக் மிதிச்சா எது முன்னால நிக்கும்னு கேட்டா, சந்தேகமே வேணாம், ஸ்டட்லெஸ்தான். ஹொக்கைடோவுல குளிர்காலத்துல வாடகைக் காடிக்கெல்லாம் ஸ்டட்லெஸ் போட்டேதான் குடுப்பாங்க. தோக்கியோ, ஒசாகா பக்கம் அப்படி இல்ல, தனியா காசு கட்டி கேக்கணும், அங்க எடுத்துக்கிட்டு நகானோ மலைப்பக்கம் போற நம்ம ஆளுங்க இதுல மாட்டிக்கிறாங்க. சாதா டயரோட, அது மேல மாட்டுற செயினும் இல்லாம பனி ரோட்டுல ஓட்டுறது ஒக்கினாவா தவிர ஜப்பான் முழுக்க சட்டப்படியும் தப்பு.

முன்ன ஜப்பான்ல இரும்பு ஆணி வெச்ச டயர்தான் போட்டாங்க. ஐஸை நல்லாக் கவ்விப் பிடிக்கும், ஆனா பனி இல்லாத இடத்துல தாரைச் சுரண்டி ஊரெல்லாம் கரும்புழுதி, மக்களுக்கு மூச்சுக் கோளாறு வந்துடும்னு பெரிய பிரச்சனை ஆச்சு, 1990ல சட்டம் போட்டு அதை ஒழிச்சிட்டாங்க. புழுதி போச்சு, ஆனா ரோடு மாறிடுச்சு. ஆணி ஐஸைக் கொத்திக்கிட்டே இருந்த வரைக்கும் மேல்பரப்பு சொரசொரன்னு இருந்துச்சு, ஸ்டட்லெஸ் டயர் சிக்னல்ல நின்னு கிளம்பி நின்னு கிளம்பி அதைத் தேச்சு மெருகேத்திடுது. சப்போரோவுல ரொம்ப வழுக்குற இடம் எதுன்னா காட்டு ரோடு இல்ல, டவுன் நடுவுல இருக்கிற சிக்னல் முனைதான், மொசைக் தரையில சோப்புத் தண்ணி ஊத்துன கணக்கா இருக்கும். தெருவோரத்துல மணல் பை வெச்ச பெட்டிகள் நிக்கும், யாரு வேணும்னாலும் எடுத்துத் தூவலாம், சில ஏத்தத் தெருக்கள்ல ரோட்டுக்கு அடியிலயே சூடு ஏத்துற ஏற்பாடு போட்டு வெச்சிருக்காங்க.

நம்ம ஆளுங்க இன்னொரு கணக்கும் தப்பாப் போடுறாங்க. ரொம்பக் குளிருனா ரொம்ப ஆபத்துன்னு நினைக்கிறாங்க. உண்மையில -15 டிகிரியில ஐஸ் காஞ்சு கெடக்கும், கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதுதான் ஐஸ் மேல மெல்லிசா தண்ணிப் படலம் நின்னு பயங்கரமா வழுக்கும். பகல்ல வெயில் அடிச்சு உருகி, சாயங்காலம் திரும்ப உறையுற நாள்தான் மோசம். பாலத்து மேல கீழயும் காத்து போறதால முதல்ல அங்கதான் உறையும், குகைப்பாதைய விட்டு வெளிய வர்ற இடம், வெயிலே படாத மலை நிழல் வளைவு, இதெல்லாம் அப்படித்தான். பிளாக் ஐஸ்னா பாக்கிறதுக்கு ஈரத் தார் மாதிரியேதான் தெரியும். டேஷ்போர்டுல வெளி வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழ காட்டுச்சுன்னா, பளபளன்னு ஈரமாத் தெரியற எதையும் தண்ணின்னு நம்பக் கூடாது. நம்ம கண்ணு மழை ரோட்டுக்குப் பழகுன கண்ணு, அதனாலயே இதுல ஏமாறும்.

வேகத்தைத் தானா பிடிச்சு வெக்கிற க்ரூஸ் கன்ட்ரோல் போடாதீங்க. முன்னால மூக்குல இருக்கிற ராடார்லயும் கேமராவுலயும் பனி அப்பிக்கிட்டா தானா பிரேக் பிடிக்கிற வசதியெல்லாம் நின்னுடும், அதை நம்பியும் இருக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கூரை மேல இருக்கிற பனியைத் தள்ளிடணும், இல்லன்னா முதல் பிரேக்குல மொத்தமும் கண்ணாடி மேல சரிஞ்சு விழுந்து ஒண்ணுமே தெரியாமப் போயிடும். கடுங்குளிர்ல நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டா உறைஞ்சு பிடிச்சிக்கும், தட்டையான இடமாப் பாத்து கியரை பி-ல (பார்க்கிங்) போட்டு விட்டுடுவாங்க அந்த ஊருல. ரோட்டு மேல உசரத்துல அம்புக்குறி தொங்கும், அது ரோட்டோட ஓரம் எதுன்னு காட்டுறது, பனி மூடுனா அதைப் பாத்துத்தான் ஓட்டணும்.

பனிப்புயல் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும். 2013 மார்ச் ஆரம்பத்துல ஹொக்கைடோ கிழக்குப் பக்கம் அடிச்ச பனிப்புயல்ல 9 பேரு செத்துப் போனாங்க. நகஷிபெட்சு ஊருல பனியில புதைஞ்ச காடிக்குள்ள ஒரு அம்மாவும் மூணு பிள்ளைங்களும் காடிப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு விஷ வாயு ஏறி இறந்துட்டாங்க. 2022 ஜனவரியில பாகிஸ்தான் மர்ரி மலையில பனி பாக்கப் போன சுற்றுலாக் கூட்டம் ரோட்டுல மாட்டி, 20 பேருக்கு மேல காடிக்குள்ளயே போயிட்டாங்க, அதுலயும் பலரு இதே புகையாலதான்னு சொன்னாங்க. நடக்கிறது இதுதான், காடி நகர முடியாம நிக்கும், குளிருதேன்னு ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விடுவோம், பனி ஏறி ஏறி பின்னால சைலன்சரை மூடிடும், புகை வெளிய போக வழியில்லாம அடிப்பக்கமா உள்ள வந்துடும். அந்த விஷ வாயுவுக்கு மணமும் இருக்காது, நிறமும் இருக்காது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஃபோர் வீலா, டூ வீலான்னு அங்க ஒரு பேதமும் இல்ல. சொல்லப் போனா ஃபோர் வீல் வெச்சிருக்கிறவங்கதான் "பாத்துக்கலாம்"னு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் உள்ள போயி, உதவி வர முடியாத இடத்துல மாட்டுவாங்க. மாட்டிக்கிட்டா எஞ்சினை நிறுத்திடணும், கம்பளி போத்திக்கணும். ஓட விட்டே ஆகணும்னா சைலன்சர் பக்கம் பனியைத் திரும்பத் திரும்ப வெட்டி எடுத்துக்கிட்டே இருக்கணும், காத்து அடிக்காத பக்கம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெக்கணும். பனிப்புயல் எச்சரிக்கை வந்த நாள்ல ஹோட்டல் காசு போனாப் போகட்டும், வெளிய எடுக்கவே வேணாம். இதை எழுதும்போதே எனக்கு அந்த மூணு பிள்ளைங்க ஞாபகம்தான்.

நியூசிலாந்து போறவங்களுக்கும் ஒண்ணு. குவீன்ஸ்டவுனுக்கும் வனாகாவுக்கும் நடுவுல இருக்கிற கிரவுன் ரேஞ்ச் ரோடு 1000 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போற ரோட்டுல குளிர்காலத்துல போர்டு போட்டுட்டாங்கன்னா செயின் காடிக்குள்ள இருந்தே ஆகணும், ஃபோர் வீலுக்கும் சேத்துத்தான். செயின் முன் வீலுக்கா, பின் வீலுக்கான்னு காடிக்குக் காடி மாறும், மேனுவலைப் பாருங்க, ஹோட்டல் வாசல்ல ஒரு தடவை மாட்டிப் பழகிக்குங்க. விரல் மரத்துப் போற குளிர்ல, மலை நடுவுல, பின்னால லாரி ஹாரன் அடிக்கும்போது முதல் தடவையா மாட்டிப் பழக முடியாது.

மச்சான்கிட்ட இதெல்லாம் செந்தூல்ல ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்து பேசினோம், தே தாரேக் ஆறிப் போச்சு. அவன் கேட்டான், "அப்ப ஃபோர் வீல் வேணாங்கிறீங்களா மாமா?" வேணும்டா தம்பி, கண்டிப்பா எடு. பார்க்கிங்ல பனியில மாட்டாம வெளிய வரலாம், ஏத்தத்துல நடுவுல நின்னு பின்னால வர்றவனை மறிக்காம இருக்கலாம். ஓட்டும்போது மட்டும் அது இருக்குங்கிறதையே மறந்துடு. டூ வீல் காடியில எவ்வளவு பயந்து ஓட்டுவியோ அதே பயத்தோட ஓட்டு, முன்னால போற காடிக்கு நம்ம ஊருல விடுற இடைவெளியைப் போல அஞ்சாறு மடங்கு விடு, பின்னால உள்ளூர்க்காரன் வேகமா வந்தா ஓரம் கட்டி அவனை விட்டுடு, அவனுக்கு அந்த ரோடு தெரியும்.

ரெண்டு நாள் கழிச்சு அவனே போன் பண்ணான். சப்போரோவுல இருந்து அசஹிகாவாவுக்கு ஓட்டுறதா இருந்ததை மாத்திட்டான், எக்ஸ்பிரஸ் ரயில்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடலாமாம், பிள்ளைங்களுக்கும் ரயில்னா கொண்டாட்டம். அசஹிகாவாவுல காடி எடுத்து பியே, ஃபுரானோ பக்கம் மட்டும் ஓட்டப் போறான், டிசம்பர்ல அங்க நாலு மணிக்கே இருட்டிடும், அதனால மூணு மணிக்குள்ள ஹோட்டலுக்குத் திரும்புற மாதிரி பிளான். பெரிய எஸ்யூவியை கேன்சல் பண்ணிட்டு தாழ்வான ஸ்டேஷன் வேகன் போட்டிருக்கான், ஃபோர் வீல்தான், ஸ்டட்லெஸ் இந்த வருஷம் மாத்துனதான்னு ஈமெயில் போட்டுக் கேட்டிருக்கான். சின்னவனுக்கு இன்னும் ஆறு வயசு ஆகல, அங்க சட்டப்படி பிள்ளைங்க சீட்டு வேணும், அதையும் சொல்லியாச்சு. ரோட்டுல நின்னுட்டா கூப்பிடுற ஜாஃப் நம்பர் #8139, போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119, மூணையும் அவன் பொண்டாட்டி போன்லயும் ஏத்தச் சொன்னேன். பனி மண்வெட்டி காடிக்குள்ள இருக்கான்னு மட்டும் இன்னும் பதில் வரல, இல்லன்னா அங்க இறங்குன உடனே கடையில ஒண்ணு வாங்கிடச் சொல்லியிருக்கேன்.